குழந்தைக்கு எந்தப் புத்தகம்? தேர்ந்தெடுக்கவும் மதிப்புரை எழுதவும் ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குபவர் பெரியவர், வாசிப்பது குழந்தை. பதிப்பகங்களுக்கு இது நன்றாகவே தெரியும். ‘நீதிக்கதைகள்’, ‘அறிவை வளர்க்கும்’, ‘நல்லொழுக்கம்’ என்ற சொற்கள் அட்டையில் பெரிய எழுத்தில் நிற்பது பெற்றோரின் கண்ணில் படுவதற்காகத்தான். உள்ளே குழந்தைக்கு என்ன இருக்கிறது என்பதை யாராவது முழுக்கப் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடலூரில் சிறுவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் கதை வாசிக்கிறேன். அங்கே வரும் பெற்றோர் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், எந்தப் புத்தகம் வாங்கலாம்?” அந்தக் கேள்விக்கு ஒரு பட்டியலை நீட்டுவது சுலபம். ஆனால் பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறை தெரிந்தால் எந்தக் கடையிலும் எந்த நூலகத்திலும் அது உதவும்.

முதல் படி: குழந்தையைத் தெரிந்துகொள்வது

வயதை மட்டும் வைத்துப் புத்தகம் எடுக்க முடியாது. மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். நீங்கள் வாசித்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்கிறாள்? தானாக எவ்வளவு வாசிக்கிறாள்? எதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் முகம் மலர்கிறது? முதல் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கும். ஐந்து வயதுக் குழந்தை நீளமான கதையைக் காதால் கேட்டு நன்றாகவே பின்தொடரும். அதே குழந்தை இரண்டு வரியை எழுத்துக்கூட்டித் திணறும். ஆகவே நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகமும் அவள் தானே வாசிக்கும் புத்தகமும் வேறு வேறாக இருக்கட்டும். தானே வாசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் கேட்கப் பிடிக்கும்.

தானே வாசிக்கும் புத்தகத்துக்கு நிலைகள் ஓரளவு கைகொடுக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. குழந்தைப் புத்தகங்களை வெளியிடும் பிரதம் புக்ஸும் நான்கு நிலைகள் வைத்திருக்கிறது. முதல் நிலை சுமார் 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1,500 வரை, அதற்கு மேல் நான்காவது. நீளத்துக்கு இது நல்ல அளவுகோல். தமிழ் எழுத்தின் சிக்கலை இது அளக்காது. புதிதாக வாசிக்கும் குழந்தைகள் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. கொ, கோ, கௌ என்று குறி இருபுறமும் வந்தால் இன்னும் சிரமம். ‘மரம்’, ‘படகு’, ‘மீன்’ என்று தொடங்கும் புத்தகத்துக்கும் முதல் பக்கத்திலேயே ‘நொண்டிக்கொண்டே’ என்று வரும் புத்தகத்துக்கும் அட்டையில் ஒரே நிலை எண் இருக்கலாம். புரட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஐந்து விரல் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைக் குழந்தை வாசிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் தனியே படிக்கக் கடினம். ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பழகிய இந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்க வேண்டாம். ‘எழுந்துபோய்விட்டிருந்தார்கள்’ என்பது தமிழில் ஒரே சொல். பக்கத்துக்குச் சொற்களும் குறைவு. தமிழுக்கு மூன்று விரல் போதும் என்பது என் கருத்து.

வயது ஒரு பக்கமும் தமிழ் வாசிப்பு இன்னொரு பக்கமும் இழுக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. தனியார் பள்ளிகளைக் கேட்கவே வேண்டாம். பத்து வயதுப் பையன் ஆங்கிலத்தில் தடித்த நாவல் படிக்கிறான், தமிழில் இரண்டாம் வகுப்புப் பாடத்துக்கே நெற்றியைச் சுருக்குகிறான். அவனிடம் முயல்குட்டிக் கதையைக் கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வான். அவனுக்கு வேண்டியது அவன் வயதுக்கான விஷயம், குறைந்த சொற்களில். படக்கதைகள், விடுகதைத் தொகுப்புகள், நகைச்சுவைத் துணுக்குகள், ‘ஏன், எப்படி’ வகை அறிவியல் கேள்வி-பதில்கள், கிரிக்கெட் வீரர்களைப் பற்றிய சிறு நூல்கள் ஆகியவற்றில் தொடங்குங்கள். விடுகதை குறிப்பாக நல்லது. இரண்டே வரி, விடை தெரிய வேண்டுமென்றால் அந்த இரண்டு வரியையும் சரியாகப் படித்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: வாங்குமுன் பார்க்க இடம் தேடுவது

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1827-இல் தொடங்கிய பழைய நூலகம். சிறுவர் பகுதியும் உண்டு. கடலூரில் மாவட்ட மைய நூலகம். குழந்தையை உறுப்பினராக்கிவிட்டால், பிடிக்காத புத்தகத்துக்குக் காசு வீணாயிற்றே என்ற கவலை இல்லாமல் எடுத்துப் பார்க்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நெய்வேலியிலோ புதுச்சேரியிலோ புத்தகக் கண்காட்சி நடக்கும்போது வழக்கமான பத்து சதவீதக் கழிவைவிடப் பெரிய லாபம், நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா போன்ற பல பதிப்பகங்களின் புத்தகங்களை ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது. சாகித்ய அகாதெமி சிறார் இலக்கியத்துக்காக 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்ய புரஸ்கார் விருதுப் பட்டியலும் தேடலைத் தொடங்க ஏற்றது. ஆனால் அது தொடக்கம் மட்டும்தான். விருது கொடுப்பவர்கள் பெரியவர்கள்.

மூன்றாம் படி: பதிப்புப் பக்கம், தாள், தையல்

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். எழுதியவர் பெயரோடு ஓவியர் பெயர் இருக்கிறதா? மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழியும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருக்கின்றனவா? முதற்பதிப்பு எந்த ஆண்டு? எழுதியவர் பெயரே இல்லாமல் ‘தொகுப்பு: ஆசிரியர் குழு’ என்று மட்டும் இருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன். பெரும்பாலும் அவை ஏற்கெனவே வந்த கதைகளை அரைகுறையாகச் சுருக்கியவை.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கெட்டி அட்டைப் பக்கங்கள், மழுங்கிய மூலைகள். அதற்கு மேல் வயதுக்கு நடுவில் பின் அடித்த புத்தகம் நன்றாக விரியும்; பசையில் ஒட்டிய மெலிந்த புத்தகம் நாலு கை மாறினால் உதிரும். எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே இடைவெளி, கருநிறப் படத்தின்மேல் கருப்பு எழுத்து அச்சாகியிருக்கிறதா என்பது, இவை ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் படி: முழுக்க, வாய்விட்டு வாசிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். மதிப்புரை எழுதுபவர் புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசிக்க வேண்டும். கண் மன்னித்துவிடும் வாக்கியத்தை நாக்கு மன்னிக்காது. மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் இப்படி ஒரு வாக்கியம் எளிதில் கண்ணில் படும் (நானே எழுதிய மாதிரி இது):

“தன் பாட்டியால் கொடுக்கப்பட்ட நீல நிறக் குடையைத் தனது கையில் வைத்திருந்த அந்தச் சிறுமி, பலத்த மழையின் ஊடாகத் தன் பள்ளியை நோக்கி நடந்தாள்.”

இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாசித்துக் காட்டினால், ‘சிறுமி’ வருவதற்குள் குழந்தை பாட்டியையும் குடையையும் மறந்துவிடும். இதையே இப்படி எழுதலாம்:

“பாட்டி ஒரு நீலக் குடை கொடுத்தாள். வெளியே மழை கொட்டியது. மீனா குடையை விரித்தாள், பள்ளிக்கு நடந்தாள்.”

தமிழில் வினை கடைசியில் வருகிறது. வாக்கியம் நீள நீள, யார் என்ன செய்தார்கள் என்பது தெரியக் காத்திருக்கும் நேரமும் நீள்கிறது. சிறு குழந்தைக்கான வாக்கியம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். ‘பட்டது’, ‘பட்ட’ என்று முடியும் வடிவங்கள் ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று தென்பட்டால், ‘தன்’, ‘தனது’ அடிக்கடி வந்தால், மூலத்தின் வாக்கியம் தமிழாகாமல் அப்படியே இறங்கியிருக்கிறது என்று பொருள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதை மதிப்புரையில் சொல்லியே ஆக வேண்டும்.

உரையாடலைக் கவனியுங்கள். குழந்தை வீட்டில் கேட்கும் தமிழும் புத்தகத்துத் தமிழும் வேறு. கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழிலும், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழிலும் இருந்தால் எட்டு வயதுக்கு மேல் குழந்தைகள் ரசிக்கிறார்கள். தேவனாம்பட்டினத்துப் பாட்டி செய்தி வாசிப்பவர்போலப் பேசினால் அவர்களே சிரித்துவிடுகிறார்கள். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் குழந்தைக்குப் பேச்சுத் தமிழ் அச்சில் கடினம். ஒவ்வொரு எழுத்தாளரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். நேற்றுப் பார்த்த சொல் இன்று வேறு உருவத்தில் நிற்கும். முதல் வாசிப்புப் புத்தகங்களில் ஒரே நடை இருப்பதே நல்லது.

சிறு குழந்தைகளின் கதையில் திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறை வரும்போதே குழந்தை உங்களோடு சேர்ந்து சொல்ல வேண்டும். சேர்ந்து சொல்லவில்லை என்றால் அந்த வரிக்கு ஓசை இல்லை.

ஐந்தாம் படி: படம் பொய் சொல்கிறதா?

பண்ருட்டிப் பக்கத்துக் குழந்தைக்குப் பலா எங்கே காய்க்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிமரத்திலும் பருத்த கிளையிலும் ஒட்டினாற்போலக் காய்த்திருக்கும். சில சமயம் தரையைத் தொடும் உயரத்தில்கூட. மாங்காய்போலக் கிளை நுனியில் பலா ஊசலாடும் படத்தைக் காட்டினால் அந்தக் குழந்தை அடுத்த பக்கத்தையும் நம்பாது. நம்பாமல் இருப்பதே சரி. ஓவியர் ஒருமுறை மரத்தடியில் நின்று பார்த்திருந்தால் போதும்.

படத்தில் நான் பார்ப்பவை வேறு சில. எழுத்தில் சொன்னதையே படம் திரும்பச் சொல்கிறதா, சொல்லாத ஒன்றைக் கூடுதலாகக் காட்டுகிறதா? நல்ல படக்கதையில், எழுத்துத் தெரியாத குழந்தைகூடப் படத்தில் எதையாவது பெரியவருக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். பக்கம் புரட்டும் இடத்தில் ‘அடுத்து என்ன’ என்ற ஆவல் வருகிறதா? நல்லவர்கள் எல்லாரும் வெளுத்த தோலோடும் திருடனும் அரக்கனும் கறுப்பாகவும் இருக்கிறார்களா? நம் கடற்கரைக் குழந்தைகள் தங்கள் நிறத்தை வில்லனிடம் மட்டும் பார்த்து வளர்வதை என்னால் சிறிய குறையாக நினைக்க முடியவில்லை.

கணினி தானாக உருவாக்கிய படங்களும் இப்போது வந்துவிட்டன. கதாநாயகியின் பாவாடை நிறம், பின்னலின் நீளம், நாய்க்குட்டியின் காது என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பக்கங்களிலும் தொடர்ந்து பாருங்கள். காரணமில்லாமல் மாறினால் குழந்தை கேட்கும். உங்களிடம் பதில் இருக்காது.

ஆறாம் படி: தகவலைச் சரிபார்ப்பது

கற்பனைக் கதையில் ஆமை பேசலாம், பள்ளிக்கூடம் போகலாம். ஆனால் ‘நம் கடற்கரை உயிர்கள்’ என்ற தலைப்பில் வரும் புத்தகத்தில் தாய் ஆமை முட்டைகளுக்குக் காவல் இருந்து குஞ்சுகளைக் கடலுக்கு அழைத்துப் போகக் கூடாது. கடலூர், புதுச்சேரிக் கரைகளுக்கு ஆண்டின் முதல் மாதங்களில் வரும் பங்குனி ஆமை, இரவில் மணலில் குழி பறித்து நூறு முட்டை அளவுக்கு இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் பொரிந்து, வெளிச்சம் தெரியும் திசையில் தாங்களாகவே போகும். கரையோர விளக்குகள் அவற்றைத் திசைதிருப்புவதும் இதனால்தான். உண்மை, ‘பாசமுள்ள தாய்’ கதையைவிட எவ்வளவு சுவையாக இருக்கிறது பாருங்கள். தகவல் நூலில் மூன்று செய்திகளையாவது தேர்ந்தெடுத்து வேறிடத்தில் சரிபாருங்கள். மூன்றில் ஒன்று தவறு என்றால் மீதியையும் சந்தேகியுங்கள்.

ஏழாம் படி: கதைக்குள் யார் இருக்கிறார்கள்?

அம்மா எப்போதும் அடுப்படியில், அப்பா எப்போதும் செய்தித்தாளோடு. ஏழைப் பிள்ளை உதவி பெறவும் நன்றி சொல்லவும் மட்டுமே வருகிறான். கால் ஊனம் செய்த தப்புக்குத் தண்டனையாக வருகிறது; நல்லவனாக மாறியதும் குணமாகிறது. பழைய நாட்டுப்புறக் கதைகளில் தொழிலையும் சாதியையும் வைத்துக் கேலி செய்யும் இடங்கள் உண்டு. அவற்றையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. பத்து வயதுக்கு மேல் உடன் உட்கார்ந்து பேசிப் படிக்கலாம். ஆனால் மதிப்புரையில் அந்த இடங்களைச் சுட்டாமல் விடக் கூடாது.

கடைசிப் பக்கத்து நீதிக்கு ஒரு சோதனை: கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு கதையைச் சொல்லிப் பாருங்கள். கதை தன்னாலே நின்றால் அந்த நீதி தேவையில்லாமல் ஒட்டப்பட்டது. நிற்கவில்லை என்றால் அங்கே கதையே இல்லை.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது

தமிழில் மிகவும் வறண்ட பகுதி இதுதான். படக்கதை நிறைய வருகிறது, பெரியவர்களுக்கான நாவல் நிறைய வருகிறது, நடுவில் இருப்பவர்கள் கை வெறுமையாக நிற்கிறார்கள். அதனால்தான் இந்த வயதுக்கு நல்ல நாவல் ஒன்று வந்தால் அதைப் பற்றி எழுதுவது அவசரமான வேலை.

இங்கே பார்க்க வேண்டியவை வேறு. முடிவை எடுப்பது யார்? பிள்ளைகள் சிக்கலில் மாட்டி, கடைசியில் ஒரு மாமாவோ காவல் அதிகாரியோ வந்து தீர்த்துவைத்தால், நூறு பக்கம் படித்த வாசகனுக்குத் துரோகம். பிள்ளைகள் தவறாக முடிவெடுத்தாலும் அது அவர்களுடையதாக இருக்க வேண்டும். அத்தியாயம் முடியும் இடத்தில் புத்தகத்தை மூட மனம் வருகிறதா? நகைச்சுவை பிள்ளைகளின் நகைச்சுவையா, குண்டாக இருப்பவனைக் கேலி செய்யும் பெரியவர்களின் பழைய நகைச்சுவையா? கண்காட்சிக் கூட்டத்தில் முழுக்கப் படிக்க முடியாது. முதல் பக்கம், நடுவில் ஓர் உரையாடல், ஏதேனும் ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் ஆகிய மூன்றையும் படித்தால் வாங்கலாமா என்று முடிவு செய்துவிடலாம். மதிப்புரைக்கு அது போதாது.

துயரமான விஷயங்கள் இந்த வயதுக்கு வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம் மூன்றையும் பார்த்த மாவட்டம் இது. இங்குள்ள வீடுகளில் அந்தக் கதைகள் பேச்சில் வந்துகொண்டே இருக்கின்றன. புத்தகத்தில் மட்டும் வரக் கூடாது என்பது நியாயமில்லை. பார்க்க வேண்டியது எழுதிய விதம். மீனவக் குழந்தை அழுவதற்கும் பரிதாபப்படுவதற்கும் மட்டும் இருக்கிறாளா, அல்லது வலை, படகு, காற்று, நட்பு, கோபம் எல்லாம் உள்ள முழு மனுஷியாக இருக்கிறாளா? இரண்டாவது வகை என்றால் தயங்காமல் கொடுங்கள். மரணம் வருகிறது என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: குழந்தையிடம் கொடுத்துப் பார்ப்பது

“பிடித்திருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்று ஆமாம் சொல்வார்கள். வாசிக்கும்போது எந்தப் பக்கத்தில் பார்வை ஜன்னலுக்குப் போகிறது, எங்கே எழுந்து வந்து படத்தைத் தொடுகிறார்கள், முடிந்ததும் “மறுபடியும்” என்கிறார்களா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் எந்தப் பக்கத்தில், ஏன் என்று மட்டும் கேளுங்கள். பலர் ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே ஏதோ கோளாறு. நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். ஒரு குழந்தை ஒதுக்கிய புத்தகம் இன்னொரு குழந்தைக்கு உயிராக இருக்கலாம். ஆகவே ஒரே பிள்ளையை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒன்பதாம் படி: மதிப்புரை எழுதுவது

புத்தக அலமாரியின் முன் பையோடு நிற்கும் ஒரு தாயையோ நூலகரையோ மனத்தில் வைத்து எழுதுங்கள். முந்நூறு சொல் போதும். “அருமையான நூல், ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்” என்ற வரி அவருக்கு எதையும் சொல்வதில்லை. ஆமைக்குஞ்சு பற்றிய கற்பனையான படக்கதை ஒன்றுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

“24 பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. நான்கு வயதுக்கு வாசித்துக் காட்டலாம். ஏழு வயதுக் குழந்தை தானே படிக்கும். குஞ்சு தெருவிளக்கைக் கடல் என்று நினைத்துத் தவறான பக்கம் போகிறது. ‘அங்கே வெளிச்சம், அங்கே கடல்’ என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள். 14-ஆம் பக்கத்தில் நண்டு ஒன்று இன்னொரு குஞ்சைப் பிடிக்கிறது. மென்மையான குழந்தைகள் கலங்கலாம். ஆமை பற்றிய செய்திகள் சரி. 19-ஆம் பக்கம் நீல இரவின்மேல் கருப்பு எழுத்து. விளக்கடியில்கூட வாசிக்க முடியவில்லை.”

யாருக்கு, எவ்வளவு நீளம், என்ன நடக்கிறது, எது நன்றாக வந்திருக்கிறது, எங்கே இடறுகிறது எல்லாம் இதில் இருக்கின்றன. முடிவைச் சொல்லவில்லை. குறையைச் சொன்னால் பக்க எண்ணோடு சொல்லுங்கள். அப்போதுதான் அது குறை, இல்லாவிட்டால் வெறும் அபிப்பிராயம். புத்தகம் இலவசமாக வந்ததா, எழுதியவர் உங்கள் நண்பரா என்பதை முதல் பத்தியிலேயே தெரிவியுங்கள். நட்புக்காக எழுதப்படும் பாராட்டுரைகள் நம் சிறார் இலக்கியத்துக்குப் பெரிய கேடு. ஏமாந்து வாங்கிய பெற்றோர் அடுத்த முறை நல்ல புத்தகத்தையும் வாங்க மாட்டார். குழந்தைகள் சொன்னதை மேற்கோளாக எடுத்தால் வயதை மட்டும் குறிப்பிடுங்கள். பெயர், பள்ளி, படம் வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். பிழையைப் பக்க எண், வரி எண்ணோடு தனியாகக் குறித்து அனுப்புங்கள். இப்போதெல்லாம் பலர் சிறு எண்ணிக்கையில் அச்சடித்து, தீர்ந்தபின் மறுபடி அச்சடிக்கிறார்கள். அடுத்த அச்சுக்கு முன் கடிதம் போய்ச் சேர்ந்தால் திருத்த வாய்ப்புண்டு. மறுபதிப்பு வந்தால் வாங்கி அந்தப் பக்கத்தைப் பாருங்கள், மாறியிருந்தால் உங்கள் மதிப்புரையிலும் அந்த வரியை மாற்றுங்கள்.